கட்டுத்தரை இல்லாத வீட்டில் சோறு வீணாகாமல் இருக்க: கொங்கு அடுப்படிக்கு ஒரு முழு வழிகாட்டி

கொங்கு நாட்டுத் தோட்டத்து வீடுகளில் ஒரு தலைமுறைக்கு முன்னால் வரை உணவு வீணாகிறது என்று யாரும் கவலைப்பட்டதில்லை. ஏனென்றால் கட்டுத்தரையில் எருமை நின்றது. அரிசி கழுவிய தண்ணீர், வடித்த கஞ்சி, காய்த்தோல், மீந்த குழம்பு எல்லாம் கழுநீர்த் தொட்டிக்குப் போயின. நாய்க்கு ஒரு உருண்டை, கோழிக்கு ஒரு கை. கூடக் குறைய ஆக்கினாலும் அது பாலாகவோ சாணமாகவோ வீட்டுக்கே திரும்பி வந்துவிடும்.

இப்போது அதே குடும்பம் திருப்பூரிலோ பீளமேட்டிலோ பெருந்துறை ரோட்டிலோ ஒரு அடுக்குமாடி வீட்டில் இருக்கிறது. மாடு இல்லை, தொட்டி இல்லை. ஆக்கும் அளவு மட்டும் அப்படியே இருக்கிறது. ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டம் 2024-ல் வெளியிட்ட அறிக்கையின்படி இந்திய வீடுகளில் ஆள் ஒன்றுக்கு ஆண்டுக்குச் சுமார் 55 கிலோ உணவு குப்பைக்குப் போகிறது. தோல், எலும்பு எல்லாம் சேர்ந்த கணக்கு அது. நாலு பேர் உள்ள வீட்டுக்கு 220 கிலோ; கிட்டத்தட்ட 25 கிலோ அரிசிச் சிப்பம் ஒன்பதைத் தூக்கிக் குப்பை வண்டியில் போடுகிற எடை.

இதைக் குறைக்கப் பெரிய தியாகம் எதுவும் வேண்டாம். ஆக்கும் அளவை மாடு இல்லாத வீட்டுக்கு ஏற்றபடி மாற்ற வேண்டும், அவ்வளவுதான். எங்கே ஆரம்பிப்பது என்பதிலிருந்து வரிசையாகச் சொல்கிறேன்.

1. ஒரு வாரம் எழுதிப் பாருங்கள்

எதையும் மாற்றுவதற்கு முன் ஒரு வாரம் மட்டும் குறித்து வையுங்கள். பழைய காலண்டர் தாளின் பின்பக்கம் போதும். மூன்று பத்தி: என்ன போனது, எவ்வளவு, ஏன். கிராம் கணக்கெல்லாம் வேண்டாம். "ரெண்டு கரண்டி சாம்பார்", "அரைக்கட்டு தண்டுக்கீரை" என்று எழுதினால் சரி. காய்த்தோல், முட்டை ஓடு, எலும்பை எழுத வேண்டியதில்லை. அவற்றுக்குக் கடைசியில் வருவோம்.

மூன்றாவது பத்திதான் முக்கியம். அதிகமாக ஆக்கியது, ஃப்ரிட்ஜில் வைத்து மறந்தது, பிள்ளை சாப்பிடாமல் வைத்தது, வாங்கும்போதே பாதி அழுகல் என்று காரணங்கள் வேறு வேறு. ஒவ்வொன்றுக்கும் மருந்தும் வேறு. காரணம் தெரியாமல் "இனிமேல் வீணாக்கக் கூடாது" என்று வீட்டில் சட்டம் போட்டால் மூன்று நாள்கூடத் தாங்காது.

எங்கள் பக்கத்து வீடுகளில் நான் பார்த்த வரை திரும்பத் திரும்ப வருகிற பெயர்கள் இவை: மதியச் சோறு, புளித்துப்போன மாவு, கொத்தமல்லி, தேங்காய் மூடி, அடிச்சட்டிச் சாம்பார், சொந்தக்காரர் தோட்டத்திலிருந்து வந்த வாழைத்தார். உங்கள் பட்டியலும் இதிலிருந்து ரொம்பத் தள்ளி இருக்காது.

ஒரு எச்சரிக்கை. அந்தத் தாள் சமைக்கிறவர் மேல் போடும் வழக்கு ஆகிவிடக் கூடாது. மதியம் ஒன்றரை மணிக்குப் போன் போட்டு "நான் வெளியில சாப்பிட்டுக்கறேன்" என்கிறவர் பெயரும் மூன்றாவது பத்தியில் வரட்டும்.

2. அந்த ஒரு கை அரிசி

"ஏனுங்கத்தை, இன்னைக்கு எத்தனை பேருக்கு அரிசி போடறதுங்க?"

"நாம நாலு பேருதான் கண்ணு. எதுக்கும் ஒரு கை சேத்திப் போடு. யாராச்சும் வந்துட்டா?"

இந்தப் பேச்சு இல்லாத கொங்கு அடுப்படி குறைவு. வந்தவருக்குச் சோறில்லை என்ற பேர் வரக்கூடாது என்பது இங்கே மானப் பிரச்சினை. ஆனால் கணக்கைப் பாருங்கள். ஒரு கை அரிசி சுமார் 40 கிராம். தினமும் போட்டால் மாதம் ஒரு கிலோவுக்கு மேல் அரிசி, வராத விருந்தாளிக்காக வேகிறது. இப்போதெல்லாம் போன் பண்ணாமல் யார் வருகிறார்கள்?

விருந்தாளிக்கு வேறு ஏற்பாடு இருக்கிறது, அதுவும் நம்ம ஊர் ஏற்பாடு: அரிசியும் பருப்பும். ஒரு டம்ளர் அரிசி, கால் டம்ளர் துவரம்பருப்பு, சின்ன வெங்காயம், பூண்டு, தக்காளி, வரமிளகாய், சீரகம், மஞ்சள்தூள். தாளித்து வதக்கி மூன்று டம்ளர் தண்ணீர் ஊற்றிக் குக்கரை மூடினால் வந்தவர் கை கால் கழுவி ஊர்க்கதை பேசி முடிப்பதற்குள் தயார். மேலே ஒரு கரண்டி நெய் ஊற்றிப் போட்டால் குறை சொல்ல ஆள் இல்லை. இது கைவசம் இருக்கும்போது தினமும் ஒரு கை சேர்க்க அவசியமே வராது.

தினசரி அளவுக்கு வருவோம். 200 மில்லி டம்ளர் ஒன்றில் தலைதட்டி அளந்தால் 160, 170 கிராம் அரிசி பிடிக்கும். சாம்பார், ரசம், மோர் என்று மூன்று முறை போட்டுச் சாப்பிடும் பெரியவர்கள் இருவருக்கு ஒரு வேளைக்கு இது தாராளம். உடலுழைப்பு வேலை என்றால் கொஞ்சம் கூட்டுங்கள், ராத்திரிக்கென்றால் குறையுங்கள். அரிசி டப்பாவுக்குள் ஒரே டம்ளரை நிரந்தரமாகப் போட்டு வையுங்கள். கண்ணளவில் கொட்டும் கைதான் மீறும்.

அப்புறம் ஒரு பழக்கம்: காலையில் டிபன் பாக்ஸ் கட்டும்போதே மதியம் யார் யார் வீட்டில் என்று கேட்டுவிடுவது. அரை நிமிட வேலை. குடும்பத்து வாட்ஸ்அப் குழுவில் பதினோரு மணிக்குள் சொல்லாதவருக்கு அரிசி போடுவதில்லை என்று வைத்துக்கொண்ட வீடும் உண்டு. கொஞ்சம் கறார்தான், ஆனால் வேலை செய்கிறது.

பரிமாறும் இடத்தில் நம் பாசம்தான் எதிரி. "இன்னுங் கொஞ்சம் போட்டுக்குங்க" என்று கரண்டியோடு நிற்பதும், சாப்பிடுகிறவர் வட்டலை (தட்டை)க் கையால் மறைப்பதும், மறைத்த கைக்கு மேலேயே சோறு விழுவதும் நாம் எல்லோரும் பார்த்ததே. வீட்டு மட்டிலாவது போசியை, அதாவது சோற்றுப் பாத்திரத்தை, நடுவில் வைத்து அவரவர் போட்டுக்கொள்ளட்டும். சின்னப் பிள்ளைகளுக்கு முதலில் கால் வயிற்று அளவு. தீர்ந்ததும் கேட்டால் மறுபடி. போசியில் மீந்ததை ராத்திரி சாப்பிடலாம். வட்டலில் மீந்து எச்சிலானால் அது குப்பைதான்.

3. சந்தையில் ஏமாறாமல் வாங்க

அடுப்படியில் வீணாவதில் ஒரு பகுதி சந்தையிலேயே முடிவாகிவிடுகிறது. வியாழக்கிழமை புளியம்பட்டிச் சந்தைக்கோ, உங்கள் ஊர் வாரச்சந்தைக்கோ சாயங்காலமாகப் போனால் விலை இறங்கியிருக்கும். கூறு கட்டி வைத்திருப்பார்கள். பத்து ரூபாய்க்கு இவ்வளவா என்று பை நிறையும். அதில் பாதி இரண்டு நாள்கூடத் தாங்காத காய். கூறு வாங்குவது தப்பில்லை. வாங்கிய அன்று ராத்திரியே அதை என்ன செய்யப் போகிறோம் என்று தெரிந்து வாங்க வேண்டும்.

உழவர் சந்தை வேறு கணக்கு. 1999-ல் தொடங்கிய திட்டம், கோவை ஆர்.எஸ்.புரம், சிங்காநல்லூர், ஈரோடு சம்பத் நகர் என்று நம் பக்கம் நன்றாக ஓடுகிற சந்தைகள் பல. முந்தின நாள் சாயங்காலமோ அன்று விடியற்காலையோ பறித்த காய் நேரே வருவதால், மண்டி மண்டியாகச் சுற்றி வந்த காயைவிடச் சில நாட்கள் கூடுதலாகத் தாங்கும். கிலோவுக்கு இரண்டு ரூபாய் அதிகம் என்றாலும் வீணாவதைக் கணக்குப் பார்த்தால் இதுதான் மலிவு.

வாரத்துக்கு ஒரே முறை வாங்குகிறவர்கள் இரண்டாகப் பிரித்துப் பாருங்கள். வேர்க்காய், பூசணி, வெங்காயம், முட்டைக்கோஸ் ஒரு நடையில் வாரத்துக்கும். கீரை, கொத்தமல்லி, வெண்டை, பீர்க்கை இரண்டு மூன்று நாளுக்கு மட்டும். கிளம்பும் முன் ஃப்ரிட்ஜைத் திறந்து போனில் ஒரு படம் எடுத்துக்கொண்டால் ஏற்கெனவே இருக்கும் கேரட்டுக்கு மேல் கேரட் வாங்க மாட்டோம். கடைசியில் கடைக்காரர் சும்மா போட்டுக்கொடுக்கும் கறிவேப்பிலையும் கொத்தமல்லியும் வீட்டில் இருந்தால் "வேண்டாங்க" என்று சொல்லலாம். இலவசம் என்பதால்தான் அவை பெரும்பாலும் குப்பைக்குப் போகின்றன.

தக்காளியைத் தனியாகச் சொல்ல வேண்டும். உடுமலை, கிணத்துக்கடவு, பொள்ளாச்சிப் பக்கம் வரத்து கூடினால் 14 கிலோ பெட்டி பறிகூலிக்குக்கூடக் கட்டாத விலைக்கு இறங்கும். ரோட்டோரம் கொட்டிவிட்டுப் போகிற விவசாயியைப் பார்த்து மனசு கேட்காமல் ஒரு பெட்டியே வாங்கிவிடுவோம். வாங்குங்கள், நல்ல காரியம். ஆனால் அன்றைக்கே மூன்றாகப் பிரியுங்கள். காய்வெட்டானவை பரப்பி வைக்க. பழுத்தவை மூன்று நாள் சமையலுக்கு. கனிந்தவை, அடிபட்டவை ராத்திரியே தொக்குக்கு. இரண்டு கிலோ தக்காளிக்கு 200 மில்லி நல்லெண்ணெய், எலுமிச்சை அளவு புளி, மிளகாய்த்தூள், உப்பு, கடைசியில் வறுத்துப் பொடித்த கடுகும் வெந்தயமும். எண்ணெய் பிரிந்து மேலே நிற்கும் வரை வதக்கினால் ஈரமில்லாத பாட்டிலில் ஃப்ரிட்ஜில் ஒரு மாதம் இருக்கும். மாசியிலிருந்து சித்திரை வரை என்றால் பாதியாக அரிந்து உப்புப் போட்டு வெயிலில் வற்றலாக்கலாம். ஆடியில் வற்றல் போட வேண்டாம். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று அடிக்கிற அடியில் வற்றலோடு மண்ணும் காயும், வெயிலும் நம்ப முடியாது.

4. எதை எங்கே வைப்பது

வெங்காயத்தில் ஆரம்பிப்போம். பல்லடம், பொங்கலூர்ப் பக்கம் சின்ன வெங்காயம் விளைவிக்கிறவர்கள் பட்டறை போட்டு மாதக்கணக்கில் வைத்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். தரையிலிருந்து தூக்கி, பக்கமெல்லாம் காற்று புகும்படி, மேலே மழை படாமல் கூரை. வீட்டுக்கும் இதே சூத்திரம்தான்: உயரம், காற்று, நிழல். பாலிதீன் பையோடு அப்படியே வைத்தால் வியர்த்து அழுகும். ஓட்டைக் கூடையிலோ சாக்கு விரித்தோ பரப்பி, வாரம் ஒருமுறை கையால் கிளறி, அழுகினதை எடுத்துவிடுங்கள். ஒன்று அழுகினால் பக்கத்தில் உள்ளதும் போகும். உருளைக்கிழங்கை வெங்காயத்தோடு சேர்த்து வைக்காதீர்கள். இரண்டும் சீக்கிரம் கெடும். கிழங்கு இருட்டில் இருக்க வேண்டும். வெளிச்சம் பட்டுப் பச்சை பிடித்த பாகம் நஞ்சு. ஆழமாகச் செதுக்கி எறியுங்கள், கிழங்கு முழுக்கப் பச்சையென்றால் முழுசாக.

வாழைப்பழம், மாம்பழம், பப்பாளி, தக்காளி ஆகியவை பழுக்கும்போது எத்திலீன் என்ற வாயுவை விடும். பக்கத்தில் இருக்கும் கீரையை அது மஞ்சளாக்கும், வெள்ளரியையும் கேரட்டையும் கெடுக்கும். கூடையில் எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டி வைக்கிற வீட்டில் கீரை மறுநாளே வாடுவதற்கு இதுவும் ஒரு காரணம். வாழைத்தார் வந்தால் அப்படியே மூலையில் சாத்தாமல் சீப்புச் சீப்பாக அரிந்து பிரித்து வையுங்கள். சீக்கிரம் பழுக்க வேண்டிய சீப்பை மூடிய டப்பாவிலும், மற்றதைக் காற்றோட்டமாகவும் வைத்தால் ஒரே நாளில் தார் முழுக்கப் பழுத்துக் கொட்டாது. பக்கத்து வீட்டுக்குக் கொடுப்பதாக இருந்தால் காயாக இருக்கும்போதே கொடுங்கள். கறுத்த பழத்தை நீட்டினால் குப்பையை இடம் மாற்றியதாகத்தான் அர்த்தம்.

கொத்தமல்லியைக் கழுவி வைப்பதுதான் எல்லோரும் செய்கிற வேலை. ஈரம்தான் அதைக் கொல்கிறது. கழுவாமல், வேரை அரிந்து, மஞ்சள் இலையைக் கிள்ளி, பருத்தித் துணியிலோ செய்தித்தாளிலோ சுற்றி மூடிய டப்பாவில் வையுங்கள். ஒரு வாரத்துக்கு மேல் நிற்கும். கறிவேப்பிலையை உருவி, ஈரம் இல்லாமல் டப்பாவில் போட்டால் இரண்டு வாரம். முருங்கைக்காயை விரல் நீளம் நறுக்கி டப்பாவில் போட்டு ஃப்ரீசரில் வைத்தால் மூலனூர்க் காய் மலிவான மாதத்தில் வாங்கியது விலை ஏறும் மாதத்துக்கு உதவும். குழம்பில் உறைந்தபடியே போடலாம்.

தேங்காய் உடைத்தால் கண் இருக்கும் மூடியை முதலில் தீருங்கள், அதுதான் சீக்கிரம் வழவழக்கும். மற்ற மூடி இரண்டு மூன்று நாளில் தேவைப்படாது என்று தெரிந்தால் அன்றே துருவி, ஒரு வேளை அளவாகப் பொட்டலம் போட்டு ஃப்ரீசரில். பிஞ்சு போல மிருதுவாக இருக்காதுதான்; சட்னிக்கும் குழம்புக்கும் யாருக்கும் வித்தியாசம் தெரியாது.

மாவுக்கு இரண்டே விதி. புளித்ததும் பெரிய போசியை அப்படியே ஃப்ரிட்ஜுக்கு அனுப்பி, ஒவ்வொரு வேளைக்கும் வேண்டியதை மட்டும் சின்னப் பாத்திரத்தில் எடுத்து உப்புப் போடுங்கள். போசியையே வெளியே எடுத்து எடுத்து வைத்தால் புளிப்பு ஏறிக்கொண்டே போகும். புது மாவில் பழைய மாவைக் கலக்காதீர்கள். முதல் இரண்டு நாள் இட்லி, அடுத்த இரண்டு நாள் தோசை, அதற்கும் மேல் சின்ன வெங்காயமும் பச்சைமிளகாயும் வதக்கிப் போட்டுக் குழிப்பணியாரம். பணியாரத்துக்கு அந்தப் புளிப்பு நல்லதே.

பருப்புக்கும் அரிசிக்கும் ஈரமும் வண்டும்தான் பகை. வரமிளகாய், காய்ந்த வேப்பிலை போட்டு வைப்பது தெரிந்த வழி. துவரைக்கும் தட்டைப்பயறுக்கும் செம்மண் கட்டிக் காயவைக்கிற வழக்கம் தோட்டங்களில் இன்னும் இருக்கிறது. அடுக்குமாடி வீட்டில் செம்மண்ணுக்கு எங்கே போவது? மாதத்துக்கு மட்டும் வாங்குங்கள், பழைய டப்பாவைக் காலி செய்தபின் புதியதைக் கொட்டுங்கள்.

ஃப்ரிட்ஜ் 4 டிகிரி அளவில் இருக்கட்டும். கண் மட்டத்தில், முன்பக்கமாக ஒரு டப்பாவோ தட்டோ ஒதுக்கி "முதலில் தீர்க்க வேண்டியது" என்று வையுங்கள்: அரை வெங்காயம், மீந்த பொரியல், நாளைக்குள் வாட இருக்கும் பீன்ஸ். சமையல் ஆரம்பிக்கும்போது முதலில் அந்தத் தட்டைப் பார்ப்பது. இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு யோசனையைத்தான் எடுத்துக்கொள்வேன் என்றால் இதை எடுத்துக்கொள்ளுங்கள். பின்பக்கம் போன டப்பா மறுபடி கண்ணில் படுவது பூசணம் பிடித்த பிறகுதான்.

மாதாந்திரப் பராமரிப்புக்குக் காலையிலிருந்து சாயங்காலம் வரை மின்சாரம் நிறுத்துகிற நாளும் உண்டு. அறிவிப்பு முந்தின நாளே வந்துவிடும். அன்றைக்கு மாவு ஆட்டாதீர்கள், கறி எடுக்காதீர்கள். முதல் நாள் ராத்திரியே இரண்டு தண்ணீர் பாட்டிலை ஃப்ரீசரில் உறையவைத்து, மின்சாரம் போனதும் கீழ்த்தட்டில் வையுங்கள். கதவைத் திறக்காமல் இருந்தால் சுமார் நாலு மணி நேரம் குளிர்ச்சி தாங்கும். பாட்டில் இருந்தால் இன்னும் கொஞ்சம்.

பாக்கெட்டில் உள்ள தேதியைப் பற்றி ஒரு வரி. "பெஸ்ட் பிஃபோர்" என்பது மணம், மொறுமொறுப்பு பற்றியது. அது தாண்டிய மறுநாளே தூக்கிப்போட வேண்டியதில்லை. "எக்ஸ்பைரி", "யூஸ் பை" என்று இருந்தால் அதோடு விளையாட வேண்டாம்.

5. மீந்ததற்குக் கடிகாரம் வையுங்கள்

வீணாக்கக் கூடாது என்று கெட்டதைச் சாப்பிட்டு ஆஸ்பத்திரிக்குப் போவது எந்த ஊர் சிக்கனம்? சமைத்த உணவில் கிருமி வேகமாகப் பெருகுவது 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் இடையில். நம் அடுப்படி மேடை வருஷம் முழுக்க அந்த இடைவெளியில்தான் இருக்கிறது. அதனால் கணக்கு இது: அடுப்பிலிருந்து இறக்கி இரண்டு மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜுக்குள் போக வேண்டும். கரூர், ஈரோடு வெயிலில், பங்குனி சித்திரையில், ஒரு மணி நேரம்.

சோற்றில் கூடுதல் கவனம் வேண்டும். பேசில்லஸ் சீரியஸ் என்ற கிருமியின் விதை போன்ற உருவம் அரிசி வெந்தாலும் சாவதில்லை. மேடையிலேயே சோறு மணிக்கணக்காகக் கிடந்தால் அது முளைத்து நஞ்சு விடும்; மறுபடி சூடு பண்ணினாலும் அந்த நஞ்சு போகாது. மதியச் சோற்றை ராத்திரி எட்டு மணிக்கு மோந்து பார்த்து முடிவு செய்வதில் பயன் இல்லை, அதற்கு வாசனை இருக்காது. மீந்த சோற்றை அகலத் தட்டில் பரப்பி ஆறவைத்து, மூடி, உள்ளே வையுங்கள். மறுநாள் தீர்த்துவிடுங்கள்.

பழைய சோறு அப்படியானால்? அதுவும் மேடையில் மறந்த சோற்றுக்குப் பெயர் அல்ல. ராத்திரிச் சோறு ஆறியதும் சுத்தமான மண்சட்டியில் முங்கத் தண்ணீர் ஊற்றி வைத்தால் விடியும்போது லேசாகப் புளித்திருக்கும். மோரும் சின்ன வெங்காயமும் போதும், கோடையில் அதற்கு இணை இல்லை. நூல் விட்டாலோ, வழவழத்தாலோ, புளிப்பைத் தாண்டிய வாடை வந்தாலோ கொட்டிவிடுங்கள். மத்தியானம் முழுக்கக் கிடந்த சோற்றுக்கு ராத்திரி தண்ணீர் ஊற்றுவதும் வேண்டாம். ராகிக் களிக்கும் இதே முறை.

குழம்பு, சாம்பார், கறிக்குழம்பு எதுவானாலும் வேண்டிய அளவை மட்டும் எடுத்துக் கொதிக்கவிடுங்கள். முழுப் போசியையும் தினம் ஏற்றி இறக்கினால் ருசியும் போகும், நாளும் குறையும். கோழிக்குழம்பு ஃப்ரிட்ஜில் மூன்று நாள். தேங்காய்ச் சட்னி அன்றோடு சரி. அதனால் அதைக் குறைவாகவே அரையுங்கள்.

6. மீந்ததை வேறு பண்டமாக்க

இதில் எனக்கு ஒரு கருத்து உண்டு. வீடியோக்களில் காட்டுகிற மாதிரி மீந்த சப்பாத்தியை நூடுல்ஸ் ஆக்கி, மீந்த சாம்பாரை மாவில் பிசைந்து வடை சுட்டு, அதையும் யாரும் தொடாமல் கொட்டினால் எண்ணெயும் கேஸும் சேர்ந்து வீண். நம் பக்கத்தில் ஏற்கெனவே வழக்கத்தில் இருக்கும் பண்டங்களாக மாற்றுவது நல்லது. கொள்ளுப் பருப்பு கடைகிற வீட்டில் வேகவைத்த தண்ணீரை யாராவது கொட்டுகிறார்களா? அது ரசமாகிறது. தட்டைப்பயறு, பச்சைப்பயறு வெந்த தண்ணீருக்கும் அதே மரியாதை கொடுங்கள்.

பீர்க்கங்காய்த் தோல் துவையல் ஒன்றை மட்டும் விவரமாகச் சொல்கிறேன். நரம்பை மட்டும் மெல்லச் சீவி எறிந்துவிட்டு, தோலைக் கொஞ்சம் சதையோடு எடுங்கள். முற்றின காயானால் தோல் நாராக இருக்கும், விட்டுவிடுங்கள். ஒரு கரண்டி நல்லெண்ணெயில் உளுத்தம்பருப்பு இரண்டு கரண்டி, வரமிளகாய் நாலு சிவக்க வறுத்து எடுத்து வைத்துவிட்டு, அதே சட்டியில் தோலைப் பச்சை நிறம் மங்கிச் சுருளும் வரை வதக்குங்கள். அவசரப்பட்டால் பச்சை வாடை நிற்கும். நெல்லிக்காய் அளவு புளி, உப்பு, இரண்டு சில்லுத் தேங்காய் சேர்த்து முதலில் மிளகாய் உளுந்தைப் பொடித்து, பிறகு தோலைப் போட்டுக் கொரகொரப்பாக அரைக்க வேண்டும். தண்ணீர் தெளித்தால் போதும். சுடுசோற்றில் நல்லெண்ணெயோடு பிசைந்தால் காய் எதற்குச் செய்தோம் என்று தோன்றும். சௌசௌத் தோலும் இதே வழியில் போகும்.

மற்றவை வேகமாக. முள்ளங்கி இலையைப் பாசிப்பருப்போடு பொரியல். கொத்தமல்லித் தண்டு ரசத்துக்கு. தர்பூசணியின் வெள்ளைப் பகுதி பூசணிக்காய் போலக் கூட்டுக்கு ஆகும். பலாக்கொட்டை, மாங்கொட்டை குழம்புக்கு. கனிந்துபோன வாழைப்பழத்தை அரிசி மாவும் வெல்லமும் ஏலக்காயும் போட்டுப் பிசைந்து பணியாரக் குழியில் ஊற்றினால் பிள்ளைகள் வரிசையில் நிற்பார்கள். ஃப்ரிட்ஜில் வைத்த சோறு அதிகம் சேர்ந்துவிட்டால், பச்சைமிளகாய், சீரகம், உப்பு அரைத்துப் போட்டு மசித்து, துணியில் கிள்ளி வைத்து வடகம் காயவைக்கலாம். நல்ல வெயில் இருக்கும் மாதத்தில் மட்டும். பால் திரிந்தால் வடிகட்டிப் பனீர். வடிந்த தண்ணீர் சப்பாத்தி மாவு பிசைய.

7. விருந்து, விசேஷம்

வீட்டில் ஒரு வருஷம் சேமித்ததை ஒரே வளைகாப்பில் கொட்டிவிடலாம். கல்யாணம், காதுகுத்து, கிடாவிருந்து எதுவானாலும் சமையல்காரர் கேட்பது "எத்தனை இலை?" என்றுதான். நாம் அழைத்த எண்ணிக்கையைச் சொல்கிறோம். வருகிற எண்ணிக்கை வேறு. முகூர்த்த நாள் கனமாக இருந்தால் ஒரே குடும்பத்துக்கு அன்று நாலு பத்திரிகை இருக்கும். மொய் வைத்துவிட்டுக் காபியோடு கிளம்புகிறவர்கள் பலர். நெருங்கிய பங்காளி வீடுகளுக்குப் போன் போட்டு எத்தனை பேர் என்று கேட்பதில் கௌரவம் குறையாது.

சமையல்காரரிடம் முக்கால் பங்கு அரிசியை முதலில் வடிக்கச் சொல்லி, இரண்டாம் பந்தி உட்காருவதைப் பார்த்து மீதியைப் போடச் சொல்லுங்கள். சோறு வடிக்க அரை மணி நேரம்தான்; சாம்பாரும் பொரியலும்தான் முன்கூட்டியே வேண்டும். இலையில் எல்லாவற்றையும் வரிசையாக வைத்துவிட்டு ஆளைக் கூப்பிடுவதை நிறுத்தி, உட்கார்ந்த பிறகு பரிமாறினால் தொடாத இனிப்பும் தொடாத கூட்டும் இலையோடு மடிவது குறையும்.

அப்படியும் மீந்தால் யாருக்கு என்று முதல் நாளே பேசி வையுங்கள். கோவையில் 2014-ல் தொடங்கிய "நோ ஃபுட் வேஸ்ட்" போன்ற அமைப்புகள் மண்டபங்களிலிருந்து உணவை எடுத்துச் சென்று பசித்தவர்களுக்குக் கொடுக்கின்றன. பந்தி முடிந்து, வாடகைப் பாத்திரம் கழுவிய பிறகு தேடினால் நேரம் போய்விடும். பரிமாறாத உணவை மட்டும், சூடு குறையும் முன், சோறு தனி குழம்பு தனியாகக் கொடுங்கள். தேங்காய் சேர்த்த சட்னியைக் கொடுக்காதீர்கள். நீங்களே இப்போது அதைச் சாப்பிடுவீர்களா என்பதுதான் அளவுகோல்.

8. கடைசியில் மிஞ்சுவது

பக்கத்தில் மாடு வைத்திருப்பவர் இருந்தால் காய்த்தோல், கீரைத் தண்டு, அரிசி கழுவிய தண்ணீர் எல்லாம் தாராளமாகக் கொடுக்கலாம். கல்யாண வீட்டுச் சோற்றை அண்டாவோடு மாட்டுக்குக் கொட்டுவது மட்டும் வேண்டாம். ஒரேயடியாகச் சோறு தின்ற மாட்டின் வயிற்றில் அமிலம் ஏறி, வயிறு உப்பி, உயிரே போகலாம். கால்நடை மருத்துவர்கள் பொங்கல், முகூர்த்த நாட்களுக்குப் பிறகு அடிக்கடி பார்க்கிற நோய் இது. பாலிதீன் பையைக் கட்டியபடியே வீசுவது அதைவிட மோசம்.

மாடு இல்லை என்றால் உரம். கோவையின் ஈரக்குப்பை கலந்து வெள்ளலூர்க் குப்பைக் கிடங்கில் போய்ச் சேர்ந்தால் காற்றில்லாமல் அழுகி மீத்தேன் வாயுவாகும். கோடையில் அங்கே தீப்பிடித்தால் புகை சுற்றுவட்டாரம் முழுக்கப் போகும். பால்கனியிலேயே முடித்துவிடலாம். மூடியுள்ள இருபது லிட்டர் பெயிண்ட் வாளி இரண்டு வாங்கி, பக்கங்களிலும் அடியிலும் ஓட்டை போட்டு, கீழே தட்டு வையுங்கள். காய்ந்த பொருளுக்கு நமக்கு அலைச்சலே இல்லை: பொள்ளாச்சிப் பக்கம் மஞ்சி (தேங்காய் நார்) மில்களில் நார்க்கழிவு மலையாகக் கிடக்கிறது, நர்சரிகளில் கட்டியாகவும் கிடைக்கும். வாளி அடியில் நாலு விரல் நார்க்கழிவு, அன்றாடக் காய்க்கழிவு பொடியாக நறுக்கி ஒரு பங்கு, அதன்மேல் நார்க்கழிவோ காய்ந்த சருகோ ஒரு பங்கு. முதலில் மட்டும் புளித்த மோரோ சாணக் கரைசலோ ஒரு டம்ளர் தெளித்தால் வேகம் எடுக்கும். இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை குச்சியால் கிளறுங்கள்.

கையில் எடுத்துப் பிழிந்தால் விரலிடுக்கில் ஈரம் தெரிய வேண்டும், சொட்டக் கூடாது. நாறினால் ஈரம் அதிகம்; நார்க்கழிவைக் கூட்டிக் கிளறுங்கள். ஒன்றுமே நடக்காமல் கிடந்தால் ஈரம் குறைவு. அரிசி கழுவிய தண்ணீரைத் தெளியுங்கள். வெள்ளைப் புழு நெளிந்தால் பயப்பட வேண்டாம், அது தின்கிற வேகத்துக்கு எதுவும் ஈடில்லை. பார்க்கப் பிடிக்கவில்லையென்றால் மேலே காய்ந்த பொருளைத் தடிமனாகப் போட்டால் குறையும். எண்ணெய் மிதக்கும் குழம்பு, கறி, மீன், எலும்பு எதுவும் சின்ன வாளிக்குள் வேண்டாம், எலியைக் கூப்பிட்ட கதையாகிவிடும். எலுமிச்சைத் தோலும் வெங்காயத் தோலும் கொஞ்சமாக. ஒரு வாளி நிறைந்ததும் மூடி வைத்துவிட்டு அடுத்ததில் ஆரம்பியுங்கள். இரண்டு மாதத்தில் முதல் வாளி கருத்து, மண் வாசனை வந்திருக்கும். சலித்து, ஒரு பங்கு உரத்துக்கு இரண்டு பங்கு செம்மண் கலந்து தொட்டிக்குப் போடலாம். சலிக்கும்போது நின்ற கட்டிகளை இரண்டாவது வாளியில் போட்டுவிடுங்கள், புதுக் கழிவு மக்குவதற்கு அவையே உறைமோர்.